நீ அனுப்பிய குளிசைப் போத்தல்

ஒட்டுசுட்டான்

அன்பின் குணம்,

பார்சல் போன கிழமை வந்து சேர்ந்தது. சொக்லேற்றைப் பிள்ளைகள் அன்றைக்கே முடித்துவிட்டார்கள். நித்திரைக்கு எடுக்கிற மெலற்றோனின் குளிசைப் போத்தல் மட்டும் என் மேசை லாச்சிக்குள் திறக்காமல் இருக்கிறது. நான் பயிற்சி கொடுக்கிற, 5000 மீற்றர் ஓடுகிற பெட்டைக்கு நித்திரை இல்லை, மறுநாள் முழுக்கக் கால் உளைவு என்று நான் போனில் சொன்னதைக் கேட்டுத்தான் நீ அனுப்பினாய். அவளை நீ கண்டதுகூட இல்லை. அந்த அன்புக்காகவாவது, ஏன் கொடுக்கவில்லை என்பதை உனக்கு வடிவாக எழுத வேண்டும்.

அது தசை உளைவையும் தணிக்கும் என்று நீ சொன்னதில் பிழையில்லை மச்சான். உடம்பை முறித்து ஓடினால் தசை நார்களில் நுண்ணிய கிழிவுகள் வரும், அழற்சி ஏறும், தாக்கம் கூடிய ஒட்சிசன் மூலக்கூறுகள் பெருகும். மெலற்றோனின் இவற்றைத் தணிக்கக் கூடியது. ஸ்பெயினின் கிரனடாப் பல்கலைக்கழகத்தார் 2011 இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். சியரா நெவாடா மலையில் 50 கிலோமீற்றர், ஏற்றம் மட்டும் 2,800 மீற்றர் அளவு. குளிசை எடுத்து ஓடியவர்களின் இரத்தத்தில் அழற்சியின் அடையாளங்கள் மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தன. ஆனால் ஓடியவர்கள் எல்லோரும் வளர்ந்த ஆண்கள். எங்கள் பிள்ளைக்கு வயது 16.

இன்னொன்றும் மனதை உறுத்தியது. அந்த அழற்சி முழுக்கக் கெடுதல் இல்லை. உழுது புரட்டாத வயலில் விதைத்து என்ன காண்பது? தசை கிழிந்து, அந்தச் செய்தி உடம்புக்குப் போய், அது திரும்பக் கட்டும்போதுதான் பிள்ளை பலமாகிறாள். 2009 இல் ஜேர்மனியில் 4 கிழமை பயிற்சி செய்தவர்களுக்கு விற்றமின் சி, ஈ இரண்டையும் நிறையக் கொடுத்துப் பார்த்தார்கள். பயிற்சியால் இன்சுலின் நன்றாக வேலை செய்யத் தொடங்க வேண்டும். விற்றமின் எடுத்தவர்களுக்கு அந்த நன்மை கிடைக்கவில்லை. மெலற்றோனின் வேறு பொருள்தான், அதுவும் இப்படியே செய்யும் என்று நான் சொல்லவில்லை. என்றாலும் வளர்கிற பிள்ளையின் உடம்பில் நாள்தோறும் ஏன் கை வைப்பான்?

போத்தலைப் பற்றியும் பயம் உண்டு. ஊக்கமருந்துத் தடைப் பட்டியலில் மெலற்றோனின் இல்லை, அது நல்லது. ஆனால் லேபலில் எழுதியதுதான் உள்ளே இருக்கிறதா? 2023 இல் அமெரிக்காவில் 25 வகை மெலற்றோனின் கம்மிகளை, அதுதான் மென்று தின்கிற இனிப்புக் குளிசைகளை, சோதித்தார்கள். 22 இல் லேபல் சரியில்லை. ஒன்றில் மெலற்றோனினே இல்லை. இன்னொன்றில் சொன்னதைப்போல மூன்று மடங்குக்கு மேல். உள்ளே வேறு ஏதும் கலந்து சிறுநீர்ப் பரிசோதனையில் பிடிபட்டால், தெரியாமல் விழுங்கினேன் என்று சொல்லி அவள் தப்ப முடியாது.

சரி, இதெல்லாம் வாசித்துத் தெரிந்துகொண்டவை. என்னை உலுக்கியது வேறு.

ஒரு நாள் இரவு ஒன்பதரைக்கு அவள் வீட்டுக்குப் போனேன். தகப்பன் யானைக் காவலுக்கு வயல் கொட்டிலுக்குப் போய்விட்டார். யானை வளவுக்குள் வராமல் இருக்க விறாந்தைக்கு மேலே ஒரு பெரிய எல்ஈடி லைற் விடியும்வரை எரிகிறது. வெள்ளை வெளிச்சம் யன்னல் கம்பிகளுக்குள்ளால் வந்து அவளின் பாயில் கோடு கோடாக விழுந்திருந்தது. அவள் ரியூசன் முடிந்து வந்து, அந்த வெளிச்சத்துக்குள் குந்தியிருந்து போனில் பாடக்குறிப்புப் பார்த்துக்கொண்டிருந்தாள். படுக்கப் பதினொன்றாகும் என்றாள் தாய்.

மெலற்றோனின் இருட்டுக்குச் சுரக்கிற ஓமோன். மூளையின் பீனியல் சுரப்பி அதை இரவில் விடும், நடுச்சாமம் தாண்டி இரண்டு, மூன்று மணியளவில் உச்சத்துக்குப் போகும். நீலம் கலந்த வெளிச்சம் கண்ணில் பட்டால் சுரப்பு அடங்கிவிடும். பதின்ம வயதில் அந்தக் கடிகாரம் பெரியவர்களைவிடப் பிந்தித்தான் ஓடும். அந்த வயதுக்கு 8 முதல் 10 மணிநேர நித்திரை வேண்டும்.

நான் என்ன செய்துகொண்டிருந்தேன் தெரியுமா? வெயில் ஏறமுதல் ஓடி முடிக்க வேண்டும் என்று, இரண்டு வருடமாக அந்தப் பிள்ளைகளைக் காலை 4 மணிக்கு எழுப்பினேன். பதினொன்றுக்குப் படுத்தவள் நாலுக்கு எழும்பினால் ஐந்து மணித்தியாலம். அவளின் சொந்த மெலற்றோனின் வேலை செய்கிற நேரத்தை வெட்டினது நான்தான், குணம். அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை.

இப்போது பயிற்சி ஐந்தே முக்காலுக்கு. கடின ஓட்டத்தைப் பின்னேரத்துக்கு மாற்றிவிட்டேன். விறாந்தை லைற்றைக் கழற்றி வேலிப் பக்கம் பார்க்கத் திருப்பிக் கட்டினோம், யானைக்கும் அது போதும். ஒன்பது மணிக்குப் போன் தாயிடம் போய்விடும். ஒரு மாதமாகிறது. கால் உளைவு முழுக்கப் போகவில்லை, போகவும் கூடாது. ஆனால் போன சனிக்கிழமை கடைசிச் சுற்றில், முன்பெல்லாம் தோள் உயர்ந்து கழுத்து இறுகி வருகிறவள், கையைத் தளரவிட்டு ஓடிவந்தாள். எப்படி நித்திரை என்று கேட்டேன். "கனவெல்லாம் வருது சேர்" என்றாள்.

போத்தலை எறியவில்லை. தூர தேசப் பயணத்தில் குழம்புகிற நித்திரைக்குத்தான் மெலற்றோனின் நன்றாகக் கைகொடுக்கும். ஆவணியில் நீ வரும்போது ரொறன்ரோவுக்கும் இங்கேக்கும் ஒன்பதரை மணிநேரம் வித்தியாசம் இருக்கும். வந்த முதல் இரவு, இங்கே பத்து மணியாகும்போது உனக்கு ஒன்று எடுத்துத் தருகிறேன். எழும்பின பிறகு மைதானத்துக்கு வா, அவள் ஓடுவதை நீ பார்க்க வேண்டும்.

அன்புடன்,
உன் மச்சான்