தக்காளிக்கு ஆஸ்பிரினா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கொளத்தூரில் மருந்துக் கடை வைத்திருக்கிறேன். கொஞ்ச நாளாக ஆஸ்பிரின் கேட்டு வருகிறவர்களிடம் டாக்டர் சீட்டைக் கேட்டால், "எனக்கில்லை சார், மாடியில இருக்கிற தக்காளிக்கு" என்கிறார்கள். விசாரித்தால், தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த மாடித்தோட்டக் குறிப்பைக் காட்டுகிறார்கள். மாத்திரையைக் கரைத்து ஊற்றினால் நோயும் வராது, பூச்சியும் அண்டாது என்கிறது அது.

நோய் விஷயம் ஓரளவு சரி. ஆஸ்பிரின் கொடுத்த புகையிலைச் செடி தேமல் வைரஸைத் தாக்குப்பிடித்தது 1979இலேயே தெரிந்துவிட்டது. நோயை எதிர்க்கச் செடி தானே சுரக்கும் சாலிசிலிக் அமிலத்தின் வேலையைத்தான் மாத்திரை செய்கிறது.

பூச்சி விஷயத்தில்தான் வம்பு. தக்காளி இலையைப் புழு கடித்ததும், காயம்பட்ட இடத்தில் சிஸ்டமின் என்ற சிறிய புரதத் துணுக்கு கிளம்பி, ஜாஸ்மோனிக் அமிலத்தைச் சுரக்க வைக்கிறது. (ஜாதிமல்லி வாசனையில் இதன் நெருங்கிய சொந்தம் ஒன்று இருக்கிறது.) அதன் பிறகு கடிபடாத இலைகளும்கூடச் சில மணி நேரத்தில் ஒரு தடுப்புப் புரதத்தைத் தயாரித்து வைத்துக்கொள்கின்றன. அதைத் தின்கிற புழுவுக்குச் செரிமானம் கெட்டு, தின்றது உடம்பில் ஒட்டாது. அமெரிக்க விஞ்ஞானி கிளாரன்ஸ் ரயன் இந்தத் தடுப்பை 1972இல் கண்டு சொன்னார். ஆஸ்பிரினோ அந்த ஜாஸ்மோனிக் அமிலம் உண்டாவதையே தடுக்கிறது. ஆஸ்பிரின் கொடுத்தால் தடுப்புப் புரதம் உருவாவதில்லை என்று 1988இலும், ஜாஸ்மோனிக் அமிலமே தடைபடுவதுதான் காரணம் என்று 1993இலும் வந்த ஆய்வுகள், அதுவும் தக்காளியிலேயே செய்தவை, காட்டிவிட்டன.

வெள்ளை ஈயின் தந்திரமும் இதுதான். செடிக்குள் சாலிசிலிக் அமிலத்தை ஏற்றிவிட்டு, ஜாஸ்மோனிக்கை அமுக்கிவிட்டு, நிம்மதியாகச் சாறு உறிஞ்சுகிறது. அதற்கு நாம் வேறு மாத்திரை வாங்கிக் கொடுக்க வேண்டுமா?

என் மாடியிலும் தக்காளி உண்டு. இலைமேல் கடுகு போலக் கருப்பாகப் புழுவின் எச்சம் கிடந்தால், அதற்கு நேர் மேலே இருக்கும் இலையைத் திருப்பிப் பார்ப்பேன். ஆள் அங்கேதான் இருப்பான், கையாலேயே எடுத்துவிடலாம். வெள்ளை ஈக்கு, சோப்புக் கரைசலில் வேப்பெண்ணெய் கலந்து இலையின் அடிப்பக்கம் நனையத் தெளிக்கிறேன்.

அட்டை அட்டையாக ஆஸ்பிரின் விற்றால் எனக்கு லாபம்தான். இருந்தாலும் அந்தக் குறிப்புக்கு ஒரு திருத்தம் போட்டுவிடுங்கள். நான் வாயால் சொன்னால், "பேப்பர்லயே போட்டிருக்காங்களே சார்" என்கிறார்கள்.

— மருந்துக் கடைக்காரர் ஒருவர்,
கொளத்தூர், சென்னை