ஃபேன் சுற்றுகிறது, திரை வரவில்லை

ஆசிரியருக்கு,

சொந்தமாகக் கணினி பொருத்துவது பற்றி எழுதுபவர்கள் எந்த பிராசஸர், எந்த கிராபிக்ஸ் கார்டு என்பதோடு நின்றுவிடுகிறார்கள். முதல் முறை பொருத்துபவரைத் திணறடிப்பது அதுவல்ல; பொருத்தி முடித்தும் திரை வராததுதான்.

எல்லா பாகங்களையும் இணைக்கும் பலகையான மதர்போர்டைக் கேபினெட்டில் முடுக்கும் முன், அது வந்த அட்டைப்பெட்டி மேலேயே வைத்து பிராசஸர், அதைக் குளிர்விக்கும் கூலர், ஒரே ஒரு ரேம் (நினைவகம்), பவர் சப்ளை மட்டும் மாட்டி ஓட்டிப் பார்க்கலாம். பிராசஸரிலேயே திரைக்குப் படம் தரும் கிராபிக்ஸ் வசதி இல்லையென்றால் கிராபிக்ஸ் கார்டும் வேண்டும். போர்டுக்கு மின்சாரம் தரும் 24 பின் கேபிளைச் செருகிவிட்டு, பிராசஸருக்கு மின்சாரம் தர அதன் பக்கத்தில் செருக வேண்டிய 8 பின் கேபிளை மறப்பவர்கள் ஏராளம். ஃபேன் சுற்றும், விளக்கு எரியும், திரை மட்டும் வராது. கிராபிக்ஸ் கார்டுக்கான 8 பின் கேபிளும் பார்க்க அதே மாதிரிதான் இருக்கும். அதை இங்கே திணிக்கக் கூடாது.

ரேமில் ஒரு முனை 'க்ளிக்' என்றதும் விட்டுவிடாமல் மறுமுனையையும் அழுத்துங்கள். நான்கு ஸ்லாட் உள்ள பெரும்பாலான போர்டுகளில் இரண்டு ரேமுக்கு பிராசஸரிலிருந்து எண்ணி 2, 4-ஆவது இடங்கள். கூலர் அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரித்தீர்களா?

டிடிஆர்5 வகை ரேம் என்றால் முதல் தடவை சில நிமிடங்கள் திரை கறுப்பாகவே இருக்கலாம். போர்டு ரேமைச் சோதித்துப் பழகும் நேரம் அது. பழுதென்று நினைத்துச் சுவிட்சை அணைத்துவிடாதீர்கள்.

– ஒரு வாசகர்