எஸ்டீமுக்கு எந்தக் கேம்ஷாஃப்ட்: 264-ஆ, 288-ஆ?

பீளமேடு,
ஞாயிறு காலை

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வியாழக்கிழமையே வந்துவிட்டது. அப்பாவின் லேத்தை விற்றோம், அதை ஏற்றி அனுப்புவதிலேயே இரண்டு நாள் போய்விட்டது. லாரி கிளம்பும்வரை அம்மா வாசலுக்கே வரவில்லை. உன் மகளுக்கு ஓசூரில் வேலை கிடைத்ததில் எங்கள் எல்லோருக்கும் சந்தோஷம். என் முழங்காலைக் கேட்டிருந்தாய். படி ஏறினால் மட்டும் முனகும், மற்றபடி ஓடுகிறது.

சரி, உன் மாருதி எஸ்டீம் கார் விஷயத்துக்கு வருகிறேன். ரிட்டயர் ஆன மறுமாதமே பழைய 8 வால்வு கார்புரேட்டர் வண்டியை வாங்கியிருக்கிறாய், கூடவே வால்வுகளைத் திறந்து மூடும் தண்டான கேம்ஷாஃப்டும் இரண்டு கிடைத்திருக்கிறது. ஒன்றில் 264, இன்னொன்றில் 288. கிராங்க் எத்தனை டிகிரி சுற்றும்வரை வால்வு திறந்திருக்கும் என்ற கணக்கு அது. எதைப் போடலாம் என்று கேட்கிறாய். ஆனால் 288-க்கு அடியில் இரண்டு கோடு போட்டிருப்பதைப் பார்த்தால் கேள்வி சும்மா சம்பிரதாயத்துக்குத்தான் என்று தெரிகிறது. சோழவரத்தில் வேலிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, ரேஸ் வண்டிகள் நின்ற இடத்தில் ஐடிலில் தடக் தடக் என்று துள்ளுவதைக் கேட்டோமே, அந்தச் சத்தம் இன்னும் உன் காதைவிட்டுப் போகவில்லை.

அந்தத் துள்ளலுக்குக் காரணம் ஓவர்லாப். உன் குறிப்பில் லோப் சென்டர், அதாவது உள்ளே இழுக்கும் இன்டேக் மேடும் வெளியே தள்ளும் எக்ஸாஸ்ட் மேடும் கேமில் எத்தனை டிகிரி தள்ளி நிற்கின்றன என்பது, 264-க்கு 110, 288-க்கு 108 என்று இருக்கிறது. 264-லிருந்து இரண்டு 110-ஐக் கழி, 44 டிகிரி வரும். அவ்வளவு நேரம் இன்டேக், எக்ஸாஸ்ட் இரண்டு வால்வும் சேர்ந்து திறந்திருக்கும். 288-க்கு இதே கணக்கு 72 டிகிரி. வேகமாகச் சுற்றும்போது வெளியே ஓடும் புகை புதுக் காற்றையும் பின்னாலேயே இழுத்துவரும், அதனால் லாபம். மெதுவாகச் சுற்றும்போது அந்தப் புகையே திரும்பி உள்ளே வந்து கலந்துவிடும். மிஸ்ஸிங், நடுக்கம், பெட்ரோல் நாற்றம் எல்லாம் அங்கிருந்துதான்.

இன்னொன்று, இன்டேக் வால்வு எப்போது மூடுகிறது என்பது. அதே எண்களை வைத்துப் பார்த்தால், 264-ல் பிஸ்டன் அடியைத் தொட்டு 62 டிகிரி மேலே ஏறியபின் மூடுகிறது, 288-ல் 72. மெதுவாக ஓடும்போது அந்தக் கூடுதல் 10 டிகிரியில், உள்ளே வந்த காற்றைப் பிஸ்டன் வந்த வழியே தள்ளிவிடும். சிலிண்டருக்குள் அழுத்தம், அதாவது கம்ப்ரஷன், படுத்துவிடும். பெரிய கேம் போடுகிறவர்கள் சிலிண்டர் ஹெட்டின் அடியைச் சீவிக் கம்ப்ரஷனை ஏற்றுவது இதற்காகத்தான். சீவினால் ஹெட் கீழே இறங்கி, கேமைச் சுற்றும் பெல்ட்டில் டைமிங் கொஞ்சம் பின்தங்கும். அதைச் சரிசெய்ய அட்ஜஸ்டபிள் புல்லி வேண்டும். ஒன்றைத் தொட்டால் ஒன்று.

நானும் 288 போட்டவன்தான், உன்னிடம் சொன்னதில்லை. என் எஸ்டீமில், 2009 வாக்கில். ஹோப் காலேஜ் சிக்னலில் நிற்கிறேன், பக்கத்தில் வீட்டுக்காரம்மா. ஐடிலிங் நிற்காததால் ஸ்க்ரூவை ஏற்றி நிமிஷத்துக்கு 1,300 சுற்றில் வைத்திருந்தேன். பச்சை விழுந்ததும் கிளட்சை விட்டால் வண்டி செத்தது. மறுபடி ஸ்டார்ட், மறுபடி செத்தது. பின்னால் பஸ்காரன் ஹார்னில் கைவைத்தவன் எடுக்கவே இல்லை. ஒருவழியாகக் கிளம்பி, அடுத்த சிக்னலில் பிரேக்கை மிதித்தால் பெடல் கல் மாதிரி. ஓவர்லாப் கூடினால், காற்று உள்ளே போகும் மேனிஃபோல்டில் வேக்கம், அதாவது உறிஞ்சும் வெற்றிடம், குறையும், பிரேக்குக்குக் கைகொடுக்கும் பூஸ்டருக்கு இழுக்க ஒன்றும் இருக்காது. படித்துப் பாஸான எனக்கு அது அங்கே, வலது காலில்தான் புரிந்தது. முன்னால் இருந்த ஆட்டோவுக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. அன்றிலிருந்து அவள் அந்த வண்டியில் ஏறவில்லை.

ரோட்டுக்கு ஆகாது, டிராக்குக்கு ஆகுமே என்பாய். செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஓட்டியும் பார்த்தேன். 4,800 தாண்டியதும் முதுகில் ஒரு தள்ளு, அடடா! பிறகு 264-ஐ மாட்டினேன். சப்பென்று இருந்தது, ஆனால் அக்கா பையன் கையில் இருந்த ஸ்டாப்வாட்ச் இரண்டு விநாடி முன்னால் வந்ததாகச் சொன்னது. நம்பாமல் அவனைத்தான் திட்டினேன். காரணம் கியர். இரண்டாவதில் 6,500 வரை இழுத்து மூன்றாவதைப் போட்டால் ஊசி 4,400 பக்கம் வந்து விழும். 288 அங்கே இன்னும் தூக்கத்தில் இருக்கும். அந்த டிராக் மொத்தமே 2.1 கிலோமீட்டர், வளைவுக்குமேல் வளைவு. சென்னைப் பக்கத்தில் இருக்கும் நீளமான இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் பெரிய கேம் ஓரளவு பிழைக்கலாம், அதுவும் நெருக்கமான கியர் இருந்தால். ஹோண்டாக்காரன் இந்த வம்பே வேண்டாம் என்று ஒரே ஷாஃப்டில் இரண்டு விதக் கேம் வைத்து, 1989-ல் இன்டெக்ராவில் 1,600 சிசிக்கு 160 குதிரைசக்தி எடுத்தான். நமக்கு அந்த வசதி இல்லை, ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும்.

ஆகவே 264. ஆனால் அந்த எண்ணையும் அப்படியே நம்பாதே. ஒரு பட்டறைக்காரர் வால்வு முடி அளவு எழும்பியதுமே எண்ண ஆரம்பிப்பார், இன்னொருவர் கொஞ்சம் தள்ளி ஆரம்பிப்பார். இரண்டு கேமையும் 1 மி.மீ. லிஃப்டிலிருந்து, அதாவது அவ்வளவு எழும்பியதிலிருந்து, நீயே அளந்துபார். லிஃப்ட் என்று எழுதியிருப்பது கேம் மூக்கிலா வால்விலா என்றும் பார், நடுவில் ராக்கர் என்ற நெம்புகோல் இருக்கிறது, அளவு மாறும். பழைய ஷாஃப்டையே அரைத்துச் செய்திருந்தால் கேமின் மேடில்லாத அடிவட்டம் சிறுத்திருக்கும், இடைவெளி சரிசெய்யும் டாப்பெட் ஸ்க்ரூ அளவுக்கு மீறி நீட்டிக்கொண்டிருக்கும். பழைய ராக்கரை அப்படியே புதுக் கேமில் உட்கார வைக்காதே, முகத்தைச் சீர்செய்து போடு.

மூடுவதற்குமுன் பிஸ்டன் தலையில் குழந்தைகள் விளையாடும் களிமண்ணை அப்பி, ஹெட்டை மாட்டி, கையால் இரண்டு சுற்றுச் சுற்றி, ஹெட்டைக் கழற்றிக் களிமண்ணை வெட்டிப்பார். வால்வு பிஸ்டனில் இடிக்குமா என்பது அதன் கனத்தில் தெரியும்; இன்டேக் பக்கம் 2 மி.மீ., எக்ஸாஸ்ட் பக்கம் இரண்டரை இருந்தால் நிம்மதியாகத் தூங்கலாம். முதல் ஸ்டார்ட்டில் ஐடிலில் விடாதே, 2,000-க்குமேல் இருபது நிமிஷம் ஓடட்டும்.

மாசியில் கோனியம்மன் தேருக்கு வருகிறாய்தானே? இரண்டு கேமையும் எடுத்துக்கொண்டு வா, காலிப் பட்டறையில் உட்கார்ந்து டிகிரி வீல் மாட்டி அளப்போம். லிஃப்டை அளக்கும் டயல் கேஜையும் மறக்காமல் கொண்டுவா. அது என்னுடையது, 1991-ல் ஒரு வாரத்துக்கு என்று வாங்கிப் போனாய்.

அன்புடன்,
கடைசி பெஞ்சுக்காரன்