டேஷ்போர்டை அறுத்தது நாங்கள் இல்லை: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். பழைய கார்களில் பாட்டு செட் மாட்டித் தரும் நம் கடையில் அடுத்த மாதம் முதல் மாறப்போகும் கூலி விவரத்தை நாலு வரியில் எழுதி அனுப்பலாம் என்றுதான் இருந்தேன். அதற்குள் பழைய கார் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு புகைப்படமும், கூடவே ஒரு குரல் பதிவும் சுற்ற ஆரம்பித்துவிட்டன. உங்களில் பாதிப் பேர் எனக்கே அதை அனுப்பி, "என்ன சார் இது?" என்று கேட்டுவிட்டீர்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி மாளவில்லை. அதனால் முதலில் அதை முடித்துவிடுகிறேன்.

படத்தில் இருப்பது 1960களின் எம்.ஜி.பி. என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றின் டேஷ்போர்டு. நடுவில், ரேடியோ உட்காரும் இடத்திலிருந்து கீழே வரைக்கும் தகடு கோணல்மாணலாக அறுபட்டிருக்கிறது. "ஜி.பி. ரோட்டுப் பக்கம் ஒரு கடை, புளூடூத் செட் மாட்டுகிறேன் என்று இப்படிச் செய்துவிட்டது" என்பது குரல் பதிவு. பெயர் சொல்லவில்லை என்றாலும், இந்தச் சந்தில் எம்.ஜி.பி.யும் ஸ்பிட்ஃபயர் காரும் வந்து நிற்கிற கடை எது என்று உங்களுக்குத் தெரியாதா?

அந்தப் படத்தை எடுத்ததே நாங்கள்தான். எந்த வண்டி வந்தாலும் ஒரு ஸ்க்ரூவைத் தொடுமுன் டேஷ்போர்டு, கதவு, கால் வைக்கும் இடம், பேட்டரிப் பெட்டி எல்லாவற்றையும் படம் எடுத்து உரிமையாளருக்கு அனுப்புவது நம் கடை வழக்கம். இது வண்டி உள்ளே வந்த அன்றைக்கு எடுத்த படம். உரிமையாளர் நல்ல மனிதர், அவர் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. "இந்தக் கோலத்தில் இருந்த வண்டி" என்று பெருமையாகத் தன் நண்பருக்கு அனுப்பியிருக்கிறார். அங்கிருந்து கை மாறிக் கை மாறி, கீழே இருந்த தேதி வெட்டப்பட்டு, கதையும் மாறிவிட்டது.

படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கிப் பாருங்கள். அறுத்த விளிம்பு முழுக்கப் பழுப்பாக இருக்கிறது. புதிதாக அறுத்த இரும்புத் தகடு வெள்ளையாகப் பளபளக்கும். இடது ஓரத்தில் துருவுக்கு மேலேயே கறுப்புப் பெயின்ட் வழிந்து காய்ந்திருக்கிறது. முந்தாநாள் அறுத்த விளிம்பில் அது எப்படி வரும்? ஓட்டைக்குக் கீழே இரண்டு பக்கமும் சிறு ஆணித் துளைகள் தெரிகின்றன பாருங்கள், அவை ஒலியின் ஏற்ற இறக்கத்தைச் சரிசெய்யும் ஈக்குவலைசர் பெட்டியின் பிராக்கெட்டுக்குப் போட்டவை. எண்பதுகளில் கேசட் பிளேயரும், அதற்குக் கீழே சிவப்பும் பச்சையுமாக விளக்கு எரியும் ஈக்குவலைசரும் இல்லாத கார் காரே இல்லை என்று ஒரு காலம் இருந்தது. அந்த மோகத்தில் யாரோ போட்ட ஓட்டை. யார் என்று எனக்குத் தெரியாது, தெரிந்தாலும் சொல்லப்போவதில்லை.

நாங்கள் செய்தது இதற்கு நேர் எதிர். ஓட்டைக்குப் பின்னால் தகடு வைத்துப் பற்றவைத்து, தேய்த்து, அந்தக் காருக்கே உரிய சுருக்கம் விழுந்த கறுப்புப் பெயின்ட் அடித்து, நடுவில் பழைய ரேடியோமொபைல் கார் ரேடியோப் பெட்டியையே திரும்ப உட்கார வைத்தோம். அது இப்போது முகம் மட்டும்தான். ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயர் சீட்டுக்கு அடியில் இருக்கிறது, புளூடூத் ரிசீவர் டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கிறது. பழைய வால்யூம் குமிழைத் திருப்பினால் புதிய ஆம்ப்ளிஃபயரின் ஒலி கூடிக் குறைகிறது. வேலை முடிந்த படமும் உரிமையாளரிடம் இருக்கிறது. அதை ஏன் யாரும் ஃபார்வர்டு செய்யவில்லை என்பது எனக்குப் புரியத்தான் செய்கிறது.

நம்மிடம் வந்து, "பேசாமல் ஒரு சாதாரண செட்டை வாங்கி மாட்டிவிடுங்கள்" என்று சொன்னவர்கள் எத்தனையோ பேர். இப்போதைய செட்டுகளுக்கு 180-க்கு 50 மில்லிமீட்டர் நீள்சதுர இடம் வேண்டும். பல பழைய கார்களில் இருப்பதோ நடுவில் குறுகலான ஒரு திறப்பு, இரு பக்கமும் குமிழ்த் தண்டுக்கு ஒவ்வொரு துளை. புதிய செட் அங்கே உட்கார வேண்டும் என்றால் அறுத்தே ஆக வேண்டும். அதற்கு நாங்கள் ஒத்துக்கொண்டதே இல்லை. கதவில் வட்டமாக வெட்டி ஸ்பீக்கர் வைக்கச் சொல்பவர்களையும் டீ வாங்கிக் கொடுத்துத் திருப்பி அனுப்பியிருக்கிறோம். கண்ணாடி இறங்கும் இடத்தில் காந்தம் இடித்தால் அப்புறம் கண்ணாடிக்கு எங்கே போவது? அறுத்த டேஷ்போர்டுக்கு மாற்று புதுப்பேட்டையில் கிடைக்காது, இங்கிலாந்திலிருந்து வர வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. 2021-ல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் விண்டேஜ் வாகனங்களுக்கென்று தனிப் பதிவு வந்தது நினைவிருக்கும். 50 ஆண்டைத் தாண்டிய வண்டி, பழைய வடிவத்திலேயே இருக்க வேண்டும், சேசிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் கூடாது, அப்போதுதான் வி.ஏ. எழுத்துப் போட்ட நம்பர் பலகை. டேஷ்போர்டு இதில் சேருமா என்று என்னைக் கேட்காதீர்கள். ஆனால் அறுக்காத வண்டியைக் கொண்டுபோய் நிறுத்துவது எப்போதுமே நிம்மதி.

சரி, செலவு விஷயத்துக்கு வருகிறேன். "ஸ்பீக்கர் ஆறாயிரம், ஆம்ப்ளிஃபயர் பத்தாயிரம், ரிச்சி தெருவில் நானே விசாரித்தேன், நீங்கள் ஏன் இவ்வளவு கேட்கிறீர்கள்?" என்பது அடிக்கடி வரும் கேள்வி. நியாயமான கேள்விதான். பாட்டுக் கேட்க வைக்கும் வேலை அரை நாளில் முடிந்துவிடும். மிச்சம் முழுக்க அந்தக் காரின் மின்சாரத்தோடு மல்லுக்கட்டுவதுதான்.

1967 வரை வந்த எம்.ஜி.பி.யில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு சேர்ந்திருக்கும். இப்போதைய செட், ஆம்ப்ளிஃபயர் எல்லாம் அதற்குத் தலைகீழ், வெளி உறையே நெகட்டிவ். தெரியாமல் அந்த உறையை பாடியில் ஸ்க்ரூ போட்டு முடுக்கினால் ஃபியூஸ் போகும், ஃபியூஸ் போடாதவர்களுக்கு வயரே போகும். ஒரு வழி, காரை அப்படியே விட்டுவிட்டு, பாடியோடு தொடர்பில்லாமல் தனியாக 12 வோல்ட் தரும் கன்வெர்ட்டர் வைப்பது. இன்னொரு வழி, காரையே நெகட்டிவ் எர்த்துக்கு, அதாவது நெகட்டிவ் முனை பாடியோடு சேரும்படி, மாற்றுவது. பேட்டரி முனைகளை மாற்றிப் போட்டால் முடிந்தது என்று நினைப்பவர்கள் உண்டு. ஆனால் வண்டி ஓடும்போது மின்சாரம் தயாரிக்கும் டைனமோவின் ஃபீல்டு முனைக்கு ஒரு நொடி மின்சாரம் காட்டி அதற்குப் புதுத் திசையைப் பழக்க வேண்டும், பிளக்குக்குப் பொறி தரும் இக்னிஷன் காயிலின் இரண்டு வயர்களையும் இடம் மாற்ற வேண்டும், எஞ்சின் சுற்றும் வேகத்தைக் காட்டும் மின்சார ரெவ் கவுண்டர் உள்ள வண்டியானால் அதைத் திறந்து உள்ளே வயரைத் திருப்ப வேண்டும். பெட்ரோல் பம்ப்பில் பிற்பாடு யாராவது மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் டையோடு வைத்திருந்தால் அதையும் பார்க்க வேண்டும்.

அப்புறம் அந்த டைனமோ. பழைய எம்.ஜி.பி.யில் இருக்கும் லூகாஸ் டைனமோ முழு வேகத்தில் சுற்றினாலே 22 ஆம்பியர்தான் தரும். ஹெட்லைட் இரண்டும் சேர்ந்து 8 ஆம்பியருக்கு மேல் கேட்கும். நம் ஊர் வெயிலுக்காக ரேடியேட்டர் முன்னால் மின்விசிறி வைத்திருக்கிறீர்கள், அதற்கும் கிட்டத்தட்ட அதே அளவு. ஜெமினி பாலத்துக்குக் கீழே சிக்னலில் நிற்கும்போது டைனமோ தருவது ஏறக்குறைய ஒன்றுமில்லை, டேஷ்போர்டில் சார்ஜ் ஏறவில்லை என்று சொல்லும் சிவப்பு விளக்கு மினுக்கும், எல்லாம் பேட்டரியிலிருந்துதான் போகிறது. அங்கே 200 வாட், 300 வாட் என்று பெட்டியில் அச்சடித்த ஆம்ப்ளிஃபயரை வைத்தால் வண்டியைத் தள்ள ஆள் வேண்டும். அதனால்தான் சின்னதாக, சராசரியாக 3, 4 ஆம்பியரில் ஓடும் டி வகை ஆம்ப்ளிஃபயரை மட்டும் வைக்கிறோம். 1967-க்குப் பிந்தைய, டைனமோவுக்குப் பதில் ஆல்டர்னேட்டர் வைத்த வண்டிகளில் 34 ஆம்பியர் கிடைக்கும், கொஞ்சம் தாராளமாக இருக்கலாம்.

இரைச்சல் என்று ஒன்று தனியாக இருக்கிறது. ஆக்ஸிலரேட்டர் மிதிக்க மிதிக்கப் பாட்டோடு சேர்ந்து 'ஙீ' என்று ஏறும் ஒலி டைனமோவுடையது. டக்டக் என்று தெறிப்பது பிளக்கினுடையது. டைனமோவில் இரைச்சலை வடிகட்டும் ஒரு கண்டென்ஸர், மின்தடை உள்ள பிளக் வயர், எல்லாவற்றுக்கும் ஒரே எர்த் இடம், இவ்வளவுதான் மருந்து. ஆனால் அந்த ஒரே இடத்தைத் தேடுவதில்தான் பொழுது போகும். கடலோரம் ஈ.சி.ஆர். பக்கம் நிற்கும் வண்டிகளில் உப்புக்காற்று பட்டு எர்த் ஸ்க்ரூவுக்கு அடியில் பச்சையும் பழுப்புமாகப் பூத்திருக்கும். கழற்றி, உப்புத்தாள் போட்டு இரும்பு தெரியும்வரை தேய்த்து, வாஸலின் பூசி முடுக்கினால் பல நேரம் இரைச்சல் பாதியாகிவிடும். பில்லில் அதை என்ன பெயரில் எழுதுவது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

இந்த வேலையெல்லாம் யார் கையில் நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். நம் வயரிங் அண்ணன் கண் புரை அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஓய்வெடுத்துக்கொண்டு அரக்கோணத்தில் மகள் வீட்டோடு இருக்கிறார். வண்டலூரில் ஸ்டாண்டர்டு கம்பெனிக் கார்கள் தயாரான காலத்தில் அவர்களுடைய ஹெரால்டு காரில் கை பழகியவர். ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயரே ஹெரால்டின் சேசிஸைக் குட்டையாக்கிச் செய்ததுதான், அதனால் முதல் ஸ்பிட்ஃபயர் வந்தபோது, "இது நம்ம வீட்டுப் பிள்ளைதான்" என்று சொல்லிவிட்டு நேராக வயரிங்கைப் பிரித்தார். ஒரு வயரைக் கழற்றுவதற்கு முன் அதில் வெள்ளைத் துணிப் பட்டை கட்டி, பேனாவால் எண் போடுவார். பிளாஸ்டிக் டேப் சுற்றினால் திட்டு விழும். மெழுகு நூலால்தான் கட்டுவார். அவருக்குப் பதிலாக வேலை பார்க்கும் இரண்டு பையன்களும் அவரிடம் பழகியவர்கள், நன்றாகச் செய்கிறார்கள். ஆனால் அவசரப்படுத்தாதீர்கள். சந்தேகம் வந்தால் வீடியோ காலில் அவரைக் கூப்பிடுகிறார்கள். அவர் திட்டுவது கடை முழுக்கக் கேட்கிறது.

செம்பு வயர் விலை நீங்களே பார்க்கிறீர்கள். பிரிட்டிஷ் கனெக்டர், பிராக்கெட், கிரில் துணி எல்லாம் பவுண்டில் வாங்குகிறோம். ஒரு பவுண்டு நூறு ரூபாயைத் தாண்டி நிற்கிறது, அதற்கு மேல் சுங்கம், கூரியர். கடை வாடகையைப் பற்றிப் பேசி உங்கள் மனதையும் கெடுக்க விரும்பவில்லை. ஆக, அடுத்த மாதம் முதல் கூலி கால் பங்கு கூடுகிறது, வண்டி விடும்போது பாதி முன்பணம், பதிவு செய்த பிறகு ஏறக்குறைய மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். முன்பணம் திரும்பாது என்பது ரசீதின் பின்பக்கம் ஏற்கெனவே இருப்பதுதான்.

இப்போதே பணம் கட்டி வரிசையில் இருப்பவர்களுக்குப் பழைய கூலியேதான். அதில் மாற்றமில்லை.

இத்தனை எழுதிவிட்டு நன்றி சொல்லாமல் விட்டால் என் வாய் அழுகிவிடும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் கடைக்குள் தண்ணீர் வந்தபோது, தன் வீடு என்ன ஆயிற்று என்று பார்க்குமுன் இங்கே வந்து ஆம்ப்ளிஃபயர் பெட்டிகளைப் பரண் மேல் தூக்கி வைத்தவர்கள் நீங்கள். லண்டன் போய்வரும்போது சூட்கேஸில் சட்டைக்குப் பதிலாக கிரில்லும் குமிழும் அடைத்துக் கொண்டுவந்து, "இந்தாருங்கள், சுங்கம் மிச்சம்" என்று நீட்டியவர்கள் உண்டு. வண்டி தயாராகும்வரை பெஞ்சில் உட்கார்ந்து பையன்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்த ஐயா ஒருவர் உண்டு. இந்தப் படம் சுற்றிய அன்றைக்கே குழுவில், "அந்தக் கடை அறுக்காது, எனக்குத் தெரியும்" என்று எழுதியவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும். அவர்கள் வந்தால் டீ மட்டும் போதாது, பக்கத்துக் கடை பஜ்ஜியும் உண்டு.

கடைசியாக ஒரு வேண்டுகோள். வாரக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்தி வைக்கும் வண்டியில், புதிய செட் தன் அமைப்புகளை மறக்காமல் வைத்திருக்கக் கொஞ்சம் மின்சாரத்தை எப்போதும் உறிஞ்சிக்கொண்டிருக்கும். நாங்கள் வைத்துக் கொடுத்த மாஸ்டர் சுவிட்சை அணைத்துவிட்டுப் போங்கள். "உங்கள் செட் பேட்டரியைத் தின்றுவிட்டது" என்று அடுத்த குரல் பதிவு வேண்டாம். வேலை முடிந்த எம்.ஜி.பி.யின் படத்தை இந்த மடலோடு அனுப்பியிருக்கிறேன். அதையும் குழுவில் போட்டால் சந்தோஷம்.

இப்படிக்கு,
உங்கள் கடைக்காரன்

பி.கு.: ஞாயிறு விடுமுறை. சனிக்கிழமை மதியத்துக்கு மேல் வண்டி எடுப்பதில்லை. உள்ளே நிறுத்த இடம் இல்லை.