ஆண்டறிக்கை: செயலாளர் வாசித்தது

தலைவர் அவர்களுக்கும், வந்திருக்கும் சிலருக்கும், வராத பலருக்கும் வணக்கம்.

காரைக்குடி வட்டாரத்தில் எம்.எஸ். எனப்படும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற மூளை, தண்டுவட நரம்பு நோய் உள்ளவர்களும் அவர்கள் வீட்டாரும் சேர்ந்து நடத்தும் நம் சங்கத்துக்கு இன்னோர் ஆண்டு முடிந்தது. மே 30 உலக எம்.எஸ். தினம் வழக்கம்போல் நடந்தது. குன்றக்குடிக்கு ஒருமுறை போய் வந்தோம். செயற்குழு அவ்வப்போது கூடியது. ஆள் சேராதபோது காபி குடித்துவிட்டுக் கலைந்தது.

சரி, கண் விஷயத்துக்கு வருகிறேன். கண் அழற்சி பற்றித் துண்டறிக்கை போடலாம் என்று நான் சொன்னபோது, "அதெல்லாம் டாக்டர் பார்த்துக்குவார்" என்றார்கள். டாக்டரிடம் போனால்தானே பார்ப்பார்? ஒரு வீட்டு மருமகளுக்கு ஒரு கண் மங்கி, விழியை உருட்டினால் வலித்தது. மெட்ராஸ் ஐ என்று சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருந்தார்கள். கண்ணோ சிவக்கவே இல்லை. முகப்பில் நின்று நல்ல கண்ணைப் பொத்திக்கொண்டு குனிந்து பார்த்தவர், ஆத்தங்குடித் தரைக்கல்லின் சிவப்பு ஏன் வெளுத்துப்போச்சு என்று கேட்டாராம். கையை எடுத்ததும் அதே கல் பளிச்சென்று இருந்திருக்கிறது. கோளாறு பார்வை நரம்பில்.

இதற்குப் பெரும்பாலும் மெத்தில்பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீராய்டு மருந்தை நாளுக்கு 1 கிராம் வீதம் 3 முதல் 5 நாள் ரத்தக்குழாய் வழியே ஏற்றுகிறார்கள். 1992இல் வெளியான அமெரிக்க ஆய்வின்படி, அப்படி ஏற்றினால் பார்வை சீக்கிரம் திரும்புகிறது. ஓராண்டு கழித்துப் பார்த்தால் ஏற்றாதவர்களுக்கும் ஏறக்குறைய அதே பார்வைதான். ஆனால் சாதாரண அளவில் மாத்திரை மட்டும் எடுத்தவர்களுக்கு அழற்சி திரும்பத் திரும்ப வருவது கூடியிருந்தது. மருந்து ஏறும்போது சர்க்கரை எகிறும், தூக்கம் போகும்.

விழிக்குள்ளேயே வரும் அழற்சியான யுவைடிஸ் வேறு. கண்முன் பூச்சி பறப்பது போலத் தெரியும். அதற்கு ஸ்டீராய்டு சொட்டு மருந்து, தேவைப்பட்டால் கண்ணைச் சுற்றி ஊசி. காசநோய் இல்லையென்று முதலில் பார்த்துவிடுவார்கள். மற்றவர்களுக்கு யுவைடிஸுக்குப் போடும் அடாலிமுமாப் என்ற ஊசி மருந்து நமக்கு ஆகாது, எம்.எஸ்.ஸைக் கிளப்பிவிடக்கூடும். ஆகவே கண் மருத்துவரிடம் எம்.எஸ். இருப்பதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சித்திரை வெயிலில் நடந்தாலோ வெந்நீரில் குளித்தாலோ மங்கி, உடம்பு குளிர்ந்ததும் தெளிந்துவிட்டால் அது புதுத் தாக்குதல் இல்லை, ஸ்டீராய்டு வேண்டாம்.

இதையெல்லாம் விளக்க மருத்துவரை அழைத்து, மண்டபம் பிடித்து, பலகாரம் சொல்லிக் கூட்டம் போட்டேன். வந்தவர்களைவிட நாற்காலி அதிகம். வெயில் என்றார்கள். அதே வாரக் கல்யாணப் பந்தியில் அத்தனை பேரையும் பார்த்தேன், அங்கேயும் அதே வெயில்தான். அப்புறம் ஒரு ராத்திரி வராத உறுப்பினர் ஒருவரின் போன்: "பழைய ஸ்டீராய்டு மாத்திரை மிச்சம் கிடக்கு, பாதி போட்டுக்கட்டுமா?" கூட்டத்தன்று மருத்துவர் அரை மணி நேரம் பேசியதே அதைப் பற்றித்தான்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். கையிருப்பு உண்டு, சொல்லிக்கொள்ளும்படி இல்லை. குடும்பக் கணக்கில் கோயிலுக்குத் தரும் புள்ளி வரியை நாள் தவறாமல் கட்டும் வீடுகளிலும் நம் சந்தா பாக்கி நிற்கிறது. பெயர் சொல்லப்போவதில்லை, பட்டியல் என்னிடம் இருக்கிறது.

மண்டப வாடகையில் சலுகை தந்தவருக்கும், அச்சகத்தாருக்கும், செயற்குழுவினருக்கும் நன்றி.

வரும் ஆண்டில் துண்டறிக்கையை மறுபடி அச்சிட வேண்டும். எம்.எஸ்.ஸுக்கான ஃபிங்கோலிமோட் மாத்திரை தொடங்கியவர்கள் 3, 4 மாதத்தில் விழித்திரையில் வீக்கம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதும், சர்க்கரை உள்ளவர்களுக்கு அது இன்னும் முக்கியம் என்பதும் முதல் பதிப்பில் இடமில்லாமல் விட்டுப்போனவை. பணம் வந்தால் அச்சாகும். செயலாளர் பொறுப்பை இளையவர் யாராவது ஏற்க முன்வந்தால் இன்றே கொடுத்துவிடலாம். யாரும் வராவிட்டால் பழையபடி நானே பார்க்கிறேன். சாப்பாட்டுக்குப் போகும் வழியில் பொருளாளர் ரசீதுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பார்.