கண்ணோரக் கட்டியில் கத்தி வைக்கும் முன்: தமிழ்நாட்டுக் கண் மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கண் மருத்துவர்களுக்கு,

வணக்கம். என் தந்தையின் வலக்கண் மேலிமையின் வெளியோரத்தில், வலியே இல்லாத ஒரு வீக்கம் இரண்டு ஆண்டுகளாக மெல்ல வளர்ந்து வந்தது. கண் சற்றே கீழிறங்கி மூக்குப் பக்கம் ஒதுங்கியதைக்கூட முதுமை என்றே எண்ணிக்கொண்டோம். காட்டச் சென்ற இடத்தில், ஸ்கேன் எதுவும் எடுக்காமல், சோதனைக்கென்று ஒரு துண்டை வெட்டினார்கள். கண்ணீர்ச் சுரப்பியில் வரும் ‘பிளியோமார்ஃபிக் அடினோமா’, புற்றுநோய் அல்ல என்று அறிக்கை வந்தபோது நிம்மதியடைந்தோம். பிறகு அறுவை செய்து கட்டியை எடுத்தும், ஆறாம் ஆண்டில் அது பல முடிச்சுகளாகத் திரும்பி வந்தது.

இக்கட்டியை மூடியிருக்கும் மெல்லிய உறை, சோதனைக்குத் துண்டு வெட்டும்போதோ அறுவையின்போதோ கிழிந்தால் அதன் செல்கள் கண்குழிக்குள் சிந்தி, ஆண்டுகள் கழித்து மீண்டும் வளரக்கூடும்; சிலருக்குப் புற்றாகவும் மாறக்கூடும். ஃபாண்ட், கேமல் ஆகியோர் 1978இல் வெளியிட்ட ஆய்வில், உறையோடு முழுதாக எடுக்கப்பட்டவர்களிடம் கட்டி திரும்பிய அளவு 3 சதவீதம். அவ்வாறு எடுக்கப்படாதவர்களிடம் 5 ஆண்டுகளில் 32 சதவீதம். கண்குழியின் வெளிச்சுவர் எலும்பைத் திறந்து உள்ளே செல்லும் வழியைச் சூரிச்சில் அறுவை மருத்துவர் குரோன்லைன் 1888இலேயே காட்டிவிட்டார். அவ்வழியே கட்டியை உறை கிழியாமல் விடுவித்து, எலும்பை மீண்டும் பொருத்த இன்று நம் மாநிலத்திலேயே தேர்ந்த கைகள் இருக்கின்றன.

வலி, சில வாரங்களுக்குள் வளர்ச்சி, ஸ்கேனில் எலும்பு அரிப்பு ஆகியவை இருந்தால் துண்டெடுத்துச் சோதிப்பதுதான் முறை என்பதை அறிவேன். அங்கே தாமதம்தான் ஆபத்து. நான் கேட்பது வலியின்றி நெடுநாள் வளர்ந்த வீக்கங்களைப் பற்றி. பழைய புகைப்படங்களைக் கொண்டுவரச் சொல்லிக் கண் எப்போது விலகத் தொடங்கியது என்று பாருங்கள். சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. ஸ்கேன் பார்க்கும்வரை கத்தியை எடுக்காதீர்கள். கண்குழி அறுவையில் பழக்கம் இல்லையென்றால், தொடாமலே உரிய இடத்துக்கு அனுப்பிவிடுங்கள்.

இன்னொன்று. என் தந்தையின் டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘கட்டி அகற்றப்பட்டது’ என்று மட்டுமே இருந்தது. உறை கிழிந்ததா, முழுதாக வந்ததா என்று ஒரு வரி இருந்திருந்தால், ஆண்டுதோறும் தவறாமல் காட்டியிருப்போம். அந்த ஒரு வரியை இனி ஒவ்வொரு நோயாளிக்கும் எழுதித் தாருங்கள்.

பணிவுடன்,
ஒரு நோயாளியின் மகள்