விடை சொல்லாத தேர்வு

ஆசிரியருக்கு வணக்கம்.

'சோம்' ஆவணப்படத்தைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். மாஸ்டர் சோமலியே பட்டத்துக்காக நான்கு பேர் தூக்கத்தையும் குடும்பத்தையும் ஓரங்கட்டிவிட்டு ராப்பகலாகப் படிப்பதைக் கட்டுரையாளர் உருகி உருகி எழுதியிருக்கிறார். உருகட்டும், தப்பில்லை. 2012-இல் வந்த அந்தப் படத்தை நானும் ரசித்துத்தான் பார்த்தேன். ஆனால் அந்தத் தேர்வு எதையுமே வெளியே விடாமல் மூடி வைத்திருப்பதை ஏதோ பெருமை போல எழுதியிருப்பதுதான் உறுத்துகிறது. வேதியியல் கற்பித்தவள் நான். விடைத்தாள் திருத்தும் வேலையிலும் பல வருஷம் இருந்தவள். அந்தக் கண்ணோடுதான் இதைப் பார்க்க முடிகிறது.

படம் பார்க்காதவர்களுக்காக ஒரு வார்த்தை. உணவகங்களில் எந்த உணவுக்கு எந்த ஒயின் என்று தேர்ந்து பரிமாறும் வல்லுநர்களுக்கான உச்சகட்டத் தேர்வு இது. வாய்மொழிக் கேள்விகள், பரிமாறும் முறை, அப்புறம் எல்லோரையும் நடுங்க வைக்கும் சுவைத் தேர்வு என்று மூன்று பகுதி. சுவைத் தேர்வில் லேபிள் தெரியாத ஆறு ஒயின்கள், 25 நிமிடம். நிறம் பார்த்து, முகர்ந்து, சுவைத்து, என்ன திராட்சை, எந்த நாடு, எந்தப் பகுதி, எந்த வருஷத்து அறுவடை என்று நடுவர்கள் எதிரில் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மூன்று வருஷத்துக்குள் மூன்று பகுதியிலும் தேறாவிட்டால் தேறியதும் போய்விடும், மறுபடி முதலிலிருந்து.

இவர்களுடைய நாக்கு பிறவி வரம் என்கிற மாதிரி கட்டுரையாளர் எழுதுகிறார். நாக்குக்கு இதில் பங்கு குறைவு, முக்கால்வாசி மூக்குதான். மீதி, துப்பறிகிறவர் ஒவ்வொருவராகச் சந்தேகத்திலிருந்து விலக்குவது போன்ற கழித்தல் வேலை. பச்சைக் குடைமிளகாய் வாசனை வந்தால் பைரசீன் என்ற சேர்மம் இருக்கிறது, அப்படியானால் கபெர்னே சொவின்யோன் திராட்சைக் குடும்பத்தை யோசிக்கலாம். வெள்ளை ஒயினில் மண்ணெண்ணெய் நெடி அடித்தால் டிடிஎன் என்ற சேர்மம், வயதான ரீஸ்லிங் திராட்சை ஒயினாக இருக்கலாம். வெண்ணெய் வாசனை என்றால் டைஅசிட்டைல், வெனிலா வாசனை என்றால் ஓக் மரப் பீப்பாய். படத்தில் ஒருவர் புதிதாகத் திறந்த டென்னிஸ் பந்து டப்பாவின் வாசனை வருகிறது என்கிறார். கேட்கச் சிரிப்பு வரும். ஆனால் அது அவர் தன் நினைவில் ஒட்டி வைத்த அடையாளச் சீட்டு, அவ்வளவுதான். பயிற்சியால் வருவதுதான் இது. அதனால் அவர்களுடைய உழைப்பின் மீதான என் மரியாதை கூடத்தான் செய்கிறது.

பயிற்சியால் தாண்ட முடியாத இடங்களும் உண்டு. சிரா திராட்சை ஒயினில் வரும் மிளகு வாசனைக்கு ரொட்டண்டோன் என்ற சேர்மம் காரணம் என்று 2008-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். அந்தச் சோதனையில் கலந்துகொண்டவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு, அளவை எவ்வளவோ கூட்டியும், அந்த வாசனை தெரியவே இல்லை. அவர்கள் எவ்வளவு உழைத்தாலும் அந்த ஒரு தடயம் கிடைக்காது. பாட்டிலுக்குப் பாட்டில் வேறுபாடு, கார்க்கினால் வரும் பூஞ்சை நாற்றம் வேறு. நடுவர் வைத்த பாட்டிலே கெட்டுப்போயிருந்தால்?

இப்படிப்பட்ட தேர்வில்தான் விடை வெளியே தெரிந்தாக வேண்டும். ஆனால் வைத்த ஒயின்கள் என்ன என்பதைத் தேர்வை நடத்தும் அமைப்பு தேர்வு முடிந்த பிறகும் அப்போதெல்லாம் சொன்னதில்லை. படத்தில் தேர்வு எழுதி வந்தவர்கள் நீ என்ன சொன்னாய், நான் என்ன சொன்னேன் என்று ஒப்பிட்டுப் பார்த்துக் கலங்குகிறார்கள். ஒருவர் சொன்னதும் மற்றவர் சொன்னதும் வேறு வேறு. எது சரி என்று அவர்களுக்குத் தெரிய வழியே இல்லை. கேமராவுக்கு அது நல்ல காட்சி. விடைத்தாள் திருத்தியவளுக்கு அது கோபம் வரவழைக்கிற காட்சி. விடைக்குறிப்பு வெளியாகும், நாலு பேர் கேள்வி கேட்பார்கள் என்று தெரிந்தால்தான் தேர்வு வைப்பவர் ஜாக்கிரதையாக இருப்பார்.

மூடி வைத்ததன் பலன் 2018-இல் தெரிந்தது. அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரில் நடந்த தேர்வில் ஒரே நேரத்தில் 24 பேர் பட்டம் பெற்றார்கள். அடுத்த மாதமே, சுவைத் தேர்வில் வைத்த ஒயின்கள் பற்றிய தகவலைப் பட்டம் பெற்ற மூத்தவர் ஒருவரே முன்கூட்டிக் கசியவிட்டார் என்று அமைப்பு அறிவித்து, 23 பேரின் சுவைத் தேர்வு முடிவை ரத்து செய்தது. மிச்சமிருந்த ஒருவர் தப்பியது அவர் அந்தப் பகுதியில் முன்பே தேறியிருந்ததால். நேர்மையாக எழுதியவரும் அதே குப்பையில் விழுந்தார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். படத்தின் நாயகர்கள் நால்வருமே ஆண்கள். பெண்கள் பெரும்பாலும் வீட்டில் காத்திருக்கும் மனைவியாகவும் காதலியாகவும் வருகிறார்கள். கற்றுக்கொடுப்பவரும் வேலைக்குச் சிபாரிசு செய்பவரும் மதிப்பெண் போடுபவரும் அதே சின்ன வட்டத்து ஆட்களாக இருந்தால் என்ன நடக்கும்? மாஸ்டர் சோமலியேக்கள் சிலர் தங்களிடம் அத்துமீறினார்கள் என்று 2020-இல் 21 பெண்கள் நியூயார்க் டைம்ஸிடம் சொன்னார்கள். பிறகுதான் நிர்வாகம் மாறியது, சிலரை அமைப்பு நீக்கியது. படம் வந்தபோது இந்தச் செய்திகள் இல்லை, அதனால் இயக்குநரைக் குறை சொல்ல மாட்டேன். இன்று எழுதும் கட்டுரையாளர் ஒரு வரியாவது தொட்டிருக்கலாம்.

ரகசியம் இல்லாவிட்டால் தேர்வின் கடுமை போய்விடும் என்பது அவர் வாதம். லண்டனில் இருந்து நடத்தப்படும் மாஸ்டர் ஆஃப் ஒயின் தேர்வை அவர் பார்க்க வேண்டும். 1953-இல் முதல்முறை நடந்தபோது எழுதிய 21 பேரில் தேறியவர்கள் ஆறு பேர்தான். இன்றும் பல முறை எழுதித் தேறாதவர்கள் உண்டு. மூன்று தாள்களில் 36 ஒயின்களைச் சுவைத்து, ஏன் அப்படிச் சொல்கிறோம் என்று காரணத்தோடு எழுத வேண்டும். தேர்வு முடிந்ததும் கேள்விகளையும் வைத்த ஒயின்களின் பெயர்களையும் வெளியிட்டுவிடுகிறார்கள். கடுமை ஒன்றும் குறைந்துவிடவில்லையே.

அந்தத் தேர்வைப் பற்றியும் ஒரு கட்டுரை வெளியிடுங்கள். இந்தப் படத்தில் வருகிற மாதிரி உடையும் கிளாஸ்களும் கண்ணீரும் அதில் அவ்வளவாக இருக்காது. பழைய வினாத்தாள்கள் பொதுவிலேயே கிடைக்கின்றன, கட்டுரையாளருக்குத் தேடுகிற சிரமம்கூட இல்லை.

இப்படிக்கு,
தங்கள் வாசகி